பிரெய்ரியின் பழைய தேவாலயங்களையும் கல்லறைத் தோட்டங்களையும் படம் எடுக்க: எங்கே, எப்போது, எப்படி?

கேள்வியின் சாரம் இது: கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தலைநகரான எட்மன்டனுக்கு வேலைக்கு வந்து ஒரு குளிர்காலம் கழிந்திருக்கிறது, வாரக் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு கிராமப் பக்கம் போனால் கும்மட்டம் வைத்த மரக் கோயில்கள், புல் மண்டிய கல்லறைத் தோட்டங்கள், ரயில்பாதை ஓரமாகத் தனியே நிற்கும் தானிய எலிவேட்டர்கள் (தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் உயரமான கட்டடங்கள்) எல்லாம் கண்ணில் படுகின்றன, ஆனால் எடுத்த படத்தைப் பார்த்தால் பரந்த வயலில் ஒரு சின்னக் கட்டடம் மட்டும்தான் தெரிகிறது. கேமராவோடு வந்த லென்ஸ் போதுமா, எந்த நேரத்தில் போக வேண்டும், கல்லறையில் படம் எடுத்தால் யாராவது தவறாக நினைப்பார்களா?

லென்ஸ் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பிரெய்ரியில், அதாவது கனடாவின் மேற்குச் சமவெளியில், எந்தக் கட்டடமும் ஏதோ ஓரிடத்தில் சும்மா நிற்பதில்லை. அது ஏன் அங்கே, ஏன் அந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால், எப்போது போய் எங்கே நின்று எடுப்பது என்ற கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் முதலில் நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1872ல் கனடா அரசு கொண்டுவந்த டொமினியன் நிலச் சட்டத்தின்படி இந்தச் சமவெளி முழுவதையும் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளந்து போட்டார்கள். சதுரத்தில் கால் பங்கு, அதாவது 160 ஏக்கர், பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குக் கிடைத்தது (நிலத்தைத் திருத்திப் பயிரிட்டு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு). இன்று நீங்கள் ஓட்டும் கிராவல் ரோடுகள் அந்த அளவைக் கோடுகள்தான். ஆல்பர்ட்டாவில் வடக்கு தெற்காக ஓடும் ரேஞ்ச் ரோடுகள் ஒரு மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக ஓடும் டவுன்ஷிப் ரோடுகள் இரண்டு மைலுக்கு ஒன்று. இது படம் எடுப்பவருக்கு நேரடியாக உதவும் விஷயம். கோயில் ஒரு பக்கத்திலிருந்து சரியாக அமையவில்லையா, வயலுக்குள் இறங்க வேண்டாம், பிளாக்கைச் சுற்றி ஆறு மைல் ஓட்டினால் நாலு பக்கத்திலிருந்தும் பார்த்துவிடலாம். தூரத்தில் ஒரு மைல் தள்ளி இருக்கும் ரோட்டிலிருந்து டெலிஃபோட்டோவில் பார்க்கும்போதுதான் பல கோயில்களின் உண்மையான நிலை புரிகிறது: பின்னால் ஒரு மரவரிசை, பக்கத்தில் கல்லறை, சுற்றிலும் பயிர்.

உங்கள் பக்கத்துக் கும்மட்டக் கோயில்கள் பெரும்பாலும் உக்ரைனியக் குடியேறிகள் கட்டியவை. 1891ல் முதல் இருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், 1896க்குப் பிறகு கலிசியா, புக்கோவினா பகுதிகளிலிருந்து (அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தவை) பெரும் எண்ணிக்கையில் வரத் தொடங்கினார்கள். கலிசியாக்காரர்களில் அநேகர் கிரேக்கக் கத்தோலிக்கர் (கிழக்கத்திய வழிபாட்டு முறையோடு போப்பை ஏற்பவர்கள்), புக்கோவினாக்காரர்கள் ஆர்த்தடாக்ஸ். அதனால்தான் ஒரே கிராவல் ரோட்டில் சில மைல் இடைவெளியில் இரண்டு கோயில்கள், இரண்டு கல்லறைகள். எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள லமான்ட் கவுன்டியில் மட்டும் 47 கோயில்கள் இருப்பதாக அந்தக் கவுன்டியே பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். இந்தக் கோயில்களில் பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே. ரோடு எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இந்த விதி அநேகமாக மாறாது. அப்படியானால் முகப்பு காலையில் நிழலில் கிடக்கும், மத்தியானத்துக்கு மேல்தான் அதன்மேல் வெயில் விழத் தொடங்கும். விடியற்காலையில் எழுந்து ஓடிப்போய்க் கறுத்த முகப்பையும் வெளுத்த வானத்தையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஏராளம். விடியலில் போனால் பின்புறத்தை, பலிபீடத்தின் வளைந்த சுவரை எடுங்கள், அது அழகான பகுதி, யாரும் எடுப்பதில்லை. முகப்புக்கு மாலைதான்.

இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் நேர் மேற்கே இறங்கும், முகப்பில் ஒளி நேராகப் போய் மோதும். நிறம் பொன்னாக இருக்கும், ஆனால் பலகைகளின் வரிகள் தட்டையாகிவிடும். ஜூனில் எட்மன்டன் அட்சரேகையில் சூரியன் நன்றாக வடமேற்கே போய், இரவு பத்து மணிக்குத்தான் மறைகிறது. அப்போது ஒளி முகப்பின் குறுக்காகச் சாய்ந்து விழும், ஒவ்வொரு பலகை விளிம்பும் உரிந்த பெயின்டும் ஆணித் தலையும் எழுந்து நிற்கும், வருடத்தில் பெரும்பாலும் இருட்டிலேயே இருக்கும் வடக்குச் சுவருக்கும் வெளிச்சம் கிடைக்கும். என்னைக் கேட்டால் ஜூன் மாத இரவு எட்டரையிலிருந்து பத்து வரைக்கும் உள்ள நேரத்துக்கு ஈடு கிடையாது. டிசம்பரில் சூரியன் நடுப்பகலில்கூட அடிவானத்திலிருந்து 13 டிகிரி அளவுக்குத்தான் ஏறும், அதனால் பகல் முழுக்கவே நீண்ட நிழல்தான். சோம்பேறிகளுக்கும் நல்ல வெளிச்சம் கிடைக்கும் பருவம் அது, குளிரை மட்டும் தாங்க வேண்டும்.

லூத்தரன், யுனைட்டெட், ஆங்கிலிக்கன் போன்ற மற்றச் சபைகளின் கோயில்களில் இந்தத் திசை விதியை நம்பிப் போகாதீர்கள். ரோட்டைப் பார்த்துக் கட்டியவை நிறைய உண்டு. செயற்கைக்கோள் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, லென்ஸ். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் தாராளமாகப் போதும். "பரந்த வயலில் சின்னக் கட்டடம்" என்ற உங்கள் பிரச்சினை லென்ஸால் வருவதில்லை, அகலக் கோணத்தில் எடுப்பதால் வருவது. 18 மில்லிமீட்டரில் கிட்டப் போய்க் கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும், பின்னணி எல்லாம் தொலைந்துபோகும். பின்னால் நடங்கள், ரோட்டின் எதிர்ப்பக்கப் பள்ளம் வரை போங்கள், லென்ஸை 50 மில்லிமீட்டர் வாக்கில் வையுங்கள், கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். செங்குத்துக் கோடுகள் நேராக வரும், கும்மட்டத்துக்கும் பக்கத்தில் தனியாக நிற்கும் மணிக்கூண்டுக்கும் உள்ள அளவு விகிதமும் சரியாகத் தெரியும். அந்த மணிக்கூண்டை வெட்டிவிடாதீர்கள், அது கோயிலின் பாதி. அகல லென்ஸில் போலரைசர் (வானத்தின் நீலத்தைக் கூட்டும் ஃபில்டர்) மாட்டுவதையும் தவிர்க்கலாம். பிரெய்ரி வானம் அவ்வளவு பெரியது, ஒரு பக்கம் கருநீலமாகவும் இன்னொரு பக்கம் வெளுத்தும் திட்டுத் திட்டாக வரும்.

வெள்ளைக் கோயில், வெள்ளைப் பனி என்றால் கேமரா தானாக எடுக்கும் அளவு எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்டி வைத்து, ஹிஸ்டோகிராமை, அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தை, பார்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் 25க்குக் கீழே பேட்டரி சட்டென்று இறங்கும், உபரி பேட்டரியை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் குளிர்ந்தது மறுபடி உயிர் பெறும். சூடான காருக்குள் ஏறும் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும்.

உள்ளே போக முடிந்தால் அது பெரிய பாக்கியம். வெளியே சாதாரண மரப்பெட்டியாகத் தெரியும் கோயிலுக்குள் மேற்கூரை முழுவதும் நட்சத்திரங்கள், பலிபீடத்துக்கு முன் திருவுருவங்கள் வரிசையாக வைத்த திரை, தூண்களில் பளிங்கு மாதிரி வரைந்த மரம் என்று கண் நிறையும். பீட்டர் லிப்பின்ஸ்கி என்ற ஓவியர் ஆல்பர்ட்டாவின் பல கோயில்களுக்குள் இப்படி வரைந்திருக்கிறார். ஃப்ளாஷ் வேண்டாம், ட்ரைபாடில் வைத்து ஜன்னலுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரைக்கு அப்பால் உள்ள பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது, அது குருக்களுக்கான இடம். சாவி பெரும்பாலும் பக்கத்துப் பண்ணையில் ஏதோ ஒரு குடும்பத்தில் இருக்கும். வருடத்தில் ஒன்றிரண்டு முறைதான் பூசை நடக்கும் கோயில்கள் பல, அவற்றில் கோயிலின் பாதுகாவலரான புனிதரின் திருநாளன்று போனால் கதவும் திறந்திருக்கும், சாப்பாடும் கிடைக்கும், கல்லறையில் யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லப் பெரியவர்களும் இருப்பார்கள். லமான்ட் கவுன்டியிலேயே ஸ்காரோ என்ற இடத்தில் 1919ல் கட்டிய கல் கெபி (குகை வடிவ வழிபாட்டிடம்) ஒன்று இருக்கிறது, ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் மாதா திருவிழாவுக்கு யாத்திரிகர்கள் கூடுவார்கள். அதை அமைத்தவர்களில் ஒருவர் அருள்தந்தை ஃபிலிப் ரூ. இவர்தான் பிறகு மனிட்டோபாவில் குக்ஸ் க்ரீக்கில் பல கும்மட்டங்களோடு பெரிய கோயிலை வடிவமைத்தவர். அந்த வேலை 1930ல் தொடங்கி 1952 வரை நடந்தது. வின்னிபெக் பக்கம் போனால் அதைத் தவறவிடாதீர்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். இங்கே படம் எடுப்பதில் தவறில்லை, ஆனால் அடக்கச் சடங்கு நடக்கும்போதோ குடும்பத்தார் யாராவது நிற்கும்போதோ கேமராவைக் கீழே இறக்கிவிட வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு வரும் வாரங்களில் கல்லறைகளை ஆசீர்வதிக்கும் சடங்குக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அன்று போனால் முதலில் பேசுங்கள், பிறகு கேளுங்கள், அழைத்தால் எடுங்கள்.

கல்லில் உள்ள எழுத்தைப் படிக்கும்படி எடுப்பதுதான் கடினம். நேரே விழும் வெயிலில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும், பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் வெயிலில்தான் பள்ளங்களில் நிழல் விழுந்து பெயர் எழும்பும். கிழக்கு பார்த்த கல் என்றால், சூரியன் கிழக்கிலிருந்து தெற்குக்கு நகர்ந்து கல்லின் முகத்தை ஒட்டிக் கடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் உங்கள் நேரம். கோடையில் எட்மன்டன் கடிகாரப்படி அது பன்னிரண்டு மணிக்கு வராது, மத்தியானம் ஒன்றரைக்கு மேல் வரும். மேற்கு பார்த்த கல்லுக்கும் அதே நேரத்தில் வெளிச்சம் தொடங்கும். காத்திருக்க முடியாதா? ஒரு சாதாரண முகக்கண்ணாடி கொண்டு போங்கள். கூட வந்தவரை வெயிலில் நிறுத்தி, கல்லின் ஓரத்திலிருந்து ஒளியைக் குறுக்காகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். சாம்பல் நிறச் சொரசொரப்பாக இருந்த கல்லில் ஸிரிலிக் (உக்ரைனிய மொழியை எழுதும் வரிவடிவம்) எழுத்து ஒவ்வொன்றாகக் கிளம்புவதைப் பார்த்தால் விட மனசு வராது. ஷேவிங் க்ரீம் தடவுவது, சாக்பீஸால் தேய்ப்பது, கம்பி பிரஷ் போடுவது இதெல்லாம் கூடவே கூடாது. பாசியோடு சேர்ந்து கல்லும் உதிரும். தேவைப்பட்டால் வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும்தான்.

பெரிய பளிங்குக் கற்களை விட எனக்கு முக்கியமாகத் தெரிவது கையால் வார்த்த சிமென்ட் சிலுவைகள். கல் வாங்கக் காசில்லாத காலத்தில் குடும்பத்தாரே அச்சுக் கட்டி ஊற்றி, சிமென்ட் காயும் முன் குச்சியாலோ ஆணியாலோ பெயரைக் கீறியிருக்கிறார்கள். எழுத்து ஒரு பக்கம் சாயும், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏறும். இவை கற்களை விட வேகமாக உடைகின்றன, அதனால் இவற்றை முதலில் எடுங்கள். 1918, 1919 என்று வருடம் போட்ட சின்னச் சிலுவைகள் வரிசையாக வந்தால் அது அந்தக் காலத்து இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோயின் தடமாக இருக்கலாம். பீங்கான் வட்டில் பதித்த இறந்தவர் படங்கள் இருந்தால் அதில் வானம் பிரதிபலிக்கும், கறுப்புத் துணியைக் கேமராவுக்குப் பின்னால் பிடித்து மறைத்துக்கொண்டு எடுங்கள். பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவனில் ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியக் குடியேறிகள் அடித்த இரும்புச் சிலுவைகளும் உண்டு, அவற்றை வானத்துக்கு எதிராகத் தாழ்ந்து உட்கார்ந்து எடுத்தால் கம்பி வேலைப்பாடு தெளிவாகத் தெரியும்.

ஒரு வகைக் கல்லறை மட்டும் வேறு. பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளை ஒட்டியவை. 2021ல் சஸ்காச்சுவனின் கௌவெசெஸ் பூர்வகுடி மக்கள் மரிவல் பள்ளி இருந்த இடத்தில் பெயர்ப்பலகை இல்லாத 751 புதைகுழிகள் இருப்பதாக ரேடார் ஆய்வுக்குப் பிறகு அறிவித்தார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு அந்தச் சமூகத்தின் அனுமதி இல்லாமல் கேமராவோடு போகவே கூடாது, அனுமதி கிடைத்தாலும் எதை வெளியிடுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தானிய எலிவேட்டர்கள் திசையைப் பார்த்து நிற்பதில்லை, தண்டவாளத்தைப் பார்த்து நிற்கின்றன. குதிரை வண்டியில் ஒரு விவசாயி ஒரே நாளில் தானியத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும் என்ற கணக்கில் ஆறு முதல் பத்து மைலுக்கு ஒன்றாக எழும்பின. 1933ல் 5,758 இருந்தன. இப்போது மிஞ்சியவை சில நூறுதான். ரயில் கட்டணச் சலுகை 1995ல் நின்றுபோக, கிளைப்பாதைகள் மூடப்பட, பெரிய கான்கிரீட் நிலையங்கள் வர, மரத்தாலானவை மடமடவென்று இடிக்கப்பட்டன. ஊர்ப்பெயர் எழுதிய பக்கத்தைக் கட்டாயம் எடுங்கள். தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருந்தாலும் அந்த மேடு புல்லுக்குள் கோடாகத் தெரியும், அதைப் படத்தின் அடிப்பகுதியில் சேர்த்துக்கொண்டால் எலிவேட்டர் ஏன் அங்கே நிற்கிறது என்பதும் படத்துக்குள் வந்துவிடும். தூரத்திலிருந்து 200 மில்லிமீட்டரில் எடுப்பதானால் காலையிலேயே முடித்துவிடுங்கள், கோடை மத்தியானத்தில் வயல் மேலே கானல் ஆடி எதுவும் கூர்மையாக வராது. உள்ளே போகாதீர்கள், தரைப்பலகைகள் உளுத்திருக்கும். கைவிட்ட வீடுகளுக்கும் இதுதான்: எலிப் புழுக்கை தூசியிலிருந்து ஹன்டா வைரஸ் தொற்றலாம், முற்றத்துப் புல்லுக்கடியில் பழைய கிணற்றின் மூடி இற்றுப்போய்க் கிடக்கலாம்.

ரோட்டோரப் பெரும் பொம்மைகள் பற்றிச் சுருக்கமாக. வெக்ரவில் ஊரின் ராட்சத ஈஸ்டர் முட்டை 1975ல் வந்தது, கணினி அறிஞர் ரொனால்ட் ரெஷ் வடிவமைத்தது, காற்றடித்தால் காற்றுத் திசைகாட்டி போலத் திரும்பும். அதனால் எந்தப் பக்கம் வெளிச்சம் விழும் என்று திட்டமிட முடியாது, போய்ப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மன்டேரில் ராட்சதத் தொத்திறைச்சி, மூஸ் ஜாவில் மூஸ் மான். பக்கத்தில் ஒரு ஆளோ காரோ இருந்தால்தான் அளவு புரியும்.

சட்டம்: பொது ரோட்டில் நின்று எடுக்க யார் அனுமதியும் வேண்டாம். வேலிக்குள் போவதற்கு வேண்டும். சஸ்காச்சுவனில் 2022 ஜனவரி முதல் பலகை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராமத்துத் தனியார் நிலத்துக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கனோலா (கடுகு இனத்து எண்ணெய்ப் பயிர்) மஞ்சளாகப் பூத்திருக்கும் ஜூலையில் அதற்குள் இறங்கி நின்று படம் எடுக்க ஆசை வரும், தயவுசெய்து வேண்டாம். க்ளப்ரூட் என்ற வேர்நோய் 2003ல் எட்மன்டன் பக்கம்தான் கனோலாவில் கண்டுபிடிக்கப்பட்டது, பூட்ஸ் மண்ணோடு ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும். அந்த மண்ணில் கிருமி பல வருடம் உயிரோடு கிடக்கும். ரோட்டோரத்தில் நின்றாலே பூ முன்னணியில் வரும், போதும்.

அப்புறம், ஒவ்வொரு இடத்திலும் அழகான படத்துக்கு முன்னால் பதிவுப் படங்களை எடுத்துவிடுங்கள்: நாலு பக்கம், பெயர்ப்பலகை, அடிக்கல், மணி, கல்லறையின் ஒவ்வொரு வரிசை. ஜிபிஎஸ் இருப்பிடத்தோடு நிலக் குறிப்பையும் (எந்தக் கால் பங்கு, செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், எந்த மெரிடியனுக்கு, அதாவது அளவைத் தீர்க்கரேகைக்கு, மேற்கே) எழுதி வையுங்கள், உள்ளூர் ஆவணங்கள் எல்லாம் அந்தக் குறிப்பில்தான் தேடும்படி இருக்கின்றன. சஸ்காச்சுவனின் ஃப்ளெமிங்கில் 1895ல் கட்டிய எலிவேட்டர் 2010ல் எரிந்தது. எட்மன்டனுக்குப் பக்கத்திலேயே மொரின்வில்லில் 1907ல் கட்டிய புனித ழான் பப்டிஸ்த் கோயில் 2021 ஜூன் 30 அன்று தீக்கிரையானது. அதன்பிறகு சில ஊர்களில் கோயில் பக்கம் தெரியாத கார் நின்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆள் வந்தால் நீங்களே முன்போய்ப் பேசி, என்ன செய்கிறீர்கள் என்று சொல்லி, எடுத்ததைக் காட்டுங்கள். படங்களின் பிரதியை அந்தக் கோயிலின் சபைக்கும் உள்ளூர் அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். கூரை பழுது பார்க்கப் பணம் திரட்டுகிறவர்களுக்கு நல்ல படம் ஒன்று உண்மையிலேயே உதவும்.

முதல் தடவை போவதற்கு ஒரு வழி: ஜூன் கடைசியில் மத்தியானம் மூன்று மணிவாக்கில் கிளம்பி, ஃபோர்ட் சஸ்காச்சுவன் வழியாக ப்ரூடர்ஹைம் போய் அங்கிருந்து 45ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஓட்டுங்கள். ஆண்ட்ரூ, வில்லிங்டன், டூ ஹில்ஸ் என்று வரிசையாக ஊர்கள், ஒவ்வொரு பக்க ரோட்டிலும் கோயில்கள். கிழக்கே போவதுதான் முக்கியம், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வரும் ஒவ்வொரு கோயிலும் ஒளி விழும் முகப்பை உங்களுக்குக் காட்டிக்கொண்டு வரும். எதிர்த்திசையில் ஓட்டினால் வெயில் கண்ணில், கோயிலின் முதுகு நிழலில். மழை பெய்த மறுநாள் என்றால் கிராவல் போடாத மண் ரோடுகளில் இறங்காதீர்கள், களிமண் சக்கரத்தை இழுத்துப் பிடித்துவிடும். டூ ஹில்ஸில் இருட்டினால் 36ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி 16ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வீடு திரும்பலாம். அந்த நேரத்தில் மூஸ் ரோட்டில் ஏறும், ஹெட்லைட் வெளிச்சம் அதன் காலில்தான் படும், கண் உயரத்துக்கு எட்டாது, அதனால் மெதுவாக ஓட்டுங்கள்.